சப்பாத்துப் பாலிஷ் பூசிய இரண்டு டைகள்

களனிப் பாலத்தைக் கடக்கும்போதுதான் என் டை உருகத் தொடங்கியிருப்பதைக் கவனித்தேன்.

டை உருகுமா என்று கேட்பீர்கள். எங்கள் டைகள் உருகும். காரணத்தைப் பின்னால் சொல்கிறேன். இப்போதைக்கு, கட்டுநாயக்கா விமான நிலையத்திலிருந்து கொட்டாஞ்சேனைக்குப் போகும் ஒரு பழைய மொறிஸ் மைனர் டாக்ஸியின் பின் ஆசனத்தில் இரண்டு மாணவர்களைக் கற்பனை செய்துகொள்ளுங்கள். வெள்ளைச் சட்டை. கறுப்பு டை. மடியில் ஆளுக்கொரு பனிக்காலக் கோட்டு, செத்த கரடி மாதிரி. காலை வெயில் ஏறிக்கொண்டிருந்தது. கோட்டிலிருந்து நப்தலீன் மணமும் டையிலிருந்து சப்பாத்துப் பாலிஷ் மணமும் வந்தன.

சாரதி கண்ணாடியில் எங்களை இரண்டு மூன்று தரம் பார்த்தான். பிறகு மெதுவாகக் கேட்டான்.

“மளகெதரக்த, மாத்தயா?”

செத்த வீடா என்று கேட்கிறான். என் பக்கத்தில் இருந்த யூஜின் வெளியே பார்த்தபடி, “ஒவ். அம்மா” என்றான்.

அந்த ஒரு கிழமையில் அவன் அதை வாய்விட்டுச் சொன்னது அதுதான் முதல் தடவை. ரஷ்ய மொழியில் சொல்ல வேண்டிய இடங்களில் எல்லாம் நான் சொன்னேன். தமிழில் எங்களுக்குள் சொல்லிக்கொள்ளத் தேவை இருக்கவில்லை. அவனுக்கு அது சிங்களத்தில்தான் வெளியே வந்தது.

சாரதி வானொலியை நிறுத்தினான். “அப்பே அம்மத் கிய அவுருத்தே” என்றான். அவனுடைய அம்மாவும் போன வருடம்தானாம். அதற்குப் பிறகு கொட்டாஞ்சேனை வரும்வரை அவன் ஹோர்ன் அடிக்கவில்லை. கொழும்பில் ஒருவர் இறந்தவருக்குச் செலுத்தக்கூடிய அஞ்சலியில் இதைவிடப் பெரியதை நான் இன்றுவரை கண்டதில்லை.

பாலம் கட்டப் போனவன்

இந்தத் தொடரை இந்த வாரம்தான் கையில் எடுத்தவர்களுக்கு ஒரு வார்த்தை. நான் வெள்ளவத்தைக்காரன். எழுபதுகளின் தொடக்கத்தில் புலமைப்பரிசில் ஒன்று கிடைத்து, சோவியத் நாட்டில் உக்ரேன் பக்கத்து நகரம் ஒன்றுக்குப் பாலம் கட்டும் படிப்புப் படிக்கப் போனேன். படித்தும் முடித்தேன். கடைசியில் வாரப் பத்திரிகையில் எழுதிக்கொண்டிருக்கிறேன். அதனால் நாட்டின் பாலங்கள் பத்திரமாக இருக்கின்றன.

யூஜின் என் அறைத் தோழன். கொட்டாஞ்சேனைக் கத்தோலிக்கன். தகப்பன் துறைமுகத்தில் கிளார்க்காக இருந்து, இவன் சிறுவனாக இருந்தபோதே இறந்துபோனார். தாய் பிலோமினா அன்ரி தையல் மெஷினை மிதித்து இவனையும் இவன் அக்கா ஸ்டெல்லாவையும் ஆளாக்கினவர். நத்தார் வந்தால் ஒழுங்கை முழுவதற்கும் கேக் சுடுகிறவர்.

கொழும்பில் வெள்ளவத்தைக்கும் கொட்டாஞ்சேனைக்கும் ஒரு பஸ் தூரம்தான். ஆனால் நாங்கள் இருவரும் முதன்முதலாகச் சந்தித்தது ஆயிரக்கணக்கான மைல் தள்ளி, முட்டைக்கோவா சூப்புக்காக நின்ற வரிசையில். அவன் பூசை கேட்பவன், நான் தேவாரம் பாடி வளர்ந்தவன். எங்களை ஒன்று சேர்த்தது மிளகாய்த்தூள். என்னிடம் இருந்தது, அவனிடம் முடிந்துவிட்டது. இவ்வளவு உறுதியான அத்திவாரத்தின்மேல் எழுந்த நட்புகள் குறைவு.

ரயில் போன பிறகு

முதல் பனிக்காலத்தில் மொஸ்கோவுக்கு ரயிலில் போனோம். இடையில் ஒரு நிலையத்தில் கிழவிகள் அவித்த உருளைக்கிழங்கை வாளியில் வைத்து விற்றார்கள். ஆவி பறந்தது. நான் ரப்பர் செருப்போடு இறங்கினேன். வெள்ளவத்தை நிலையத்தில் கடலை வாங்குகிற நினைப்பு.

கிழங்கு கைக்கு வந்தது. ரயில் போய்விட்டது.

பெட்டியின் கதவடியில் நின்று யூஜின் என் கோட்டையும் சப்பாத்தையும் பனிக்குள் எறிவதைப் பார்த்தேன். ரயில் வளைவில் மறைந்தது. பாஸ்போர்ட், காகிதங்கள் எல்லாம் ரயிலில். என்னிடம் இருந்தவை ஒரு கோட்டு, இரண்டு சப்பாத்து, சூடான கிழங்கு. நிலையப் பொறுப்பாளர் என்னை ஒரு அடுப்புக்குப் பக்கத்தில் இருத்தி, நான் எந்த நாட்டு உளவாளி என்று யோசித்துக்கொண்டிருந்தார்.

இருட்டுகிற நேரம் எதிர்ப்பக்கத்து ரயிலில் யூஜின் வந்து இறங்கினான், இரண்டு பெட்டிகளையும் தூக்கிக்கொண்டு. அடுத்த நிலையத்தில் இறங்கித் திரும்பி வந்திருக்கிறான்.

“நீ போயிருக்கலாமேடா” என்றேன்.

“போயிருக்கலாம். கிழங்கு உன்கிட்டதானே இருந்திச்சு, மச்சான்.”

அதனால்தான் பிறகொரு தை மாதத்தில் அவனுக்கு அந்தத் தந்தி வந்தபோது, நான் அவனை ஒரு அடியும் தனியே விடவில்லை.

எங்கள் சனம் தந்தி அடிக்கும் முறை

தந்தி ஸ்டெல்லா அக்காவின் பெயரில் வந்தது. “அம்மாவுக்குக் கடும் சுகவீனம். உடனே வா.” அவ்வளவுதான்.

யூஜின் வாசித்தான். மடித்தான். சட்டைப் பைக்குள் வைத்தான். “சரி மச்சான்” என்று கட்டிலில் இருந்தான். நான் அவன் தோளில் கை வைத்தேன். இருவருக்கும் விளங்கிவிட்டது.

எங்கள் சனத்துக்கு ஒரு வழக்கம் உண்டு. வெளிநாட்டில் இருக்கும் பிள்ளைக்குச் சாவை அறிவிப்பதில்லை. பிள்ளை தனியே இருக்கும். விழுந்தால் பிடிக்க ஆளில்லை. படிப்புச் சோதனை வேறு வரும். ஆகவே செத்தவரை நோயாளியாக்கி அனுப்புவோம். மிச்சத்தைப் பிள்ளை வந்து இறங்கித் தெரிந்துகொள்ளும்.

எங்கள் வெள்ளவத்தை ஒழுங்கையில் ஒருவருடைய மகன் லண்டனில் கணக்கியல் படித்தார். தகப்பன் இறந்த பிறகும் அவருக்குத் தகப்பனின் கடிதங்கள் ஒழுங்காகப் போயின. தகப்பனின் கையெழுத்தில் அவருடைய தம்பிக்காரன் எழுதினான். குளிருக்குக் காது மூடவும், கண்ட கண்ட இடத்தில் சாப்பிட வேண்டாம் என்றெல்லாம் இறந்தவர் புத்தி சொல்லிக்கொண்டே இருந்தார். சோதனை முடிந்து வந்த மகன், மாலை போட்ட படத்தின் முன்னால் பெட்டியை வைத்தார்.

என் சின்னம்மா இறந்ததையும் நான் அப்படித்தான் அறிந்தேன். அம்மாவின் கடிதங்களில் சின்னம்மா வீட்டு நாய் சுகம், சின்னம்மா வீட்டு முருங்கை சுகம். சின்னம்மாவை மட்டும் காணவில்லை. பல மாதம் கழித்து ஒரு நாள் டிராமில் போகும்போது எனக்கே விளங்கியது. இறங்க வேண்டிய இடத்தில் இறங்கவில்லை.

யூஜினுக்கு இதில் என்னைவிட அனுபவம் அதிகம். அவன் ஒழுங்கையில் கப்பலில் வேலை செய்யும் பிள்ளைகள் நிறையப் பேர்.

“பக்கத்து வீட்டு அங்கிள் போனப்ப அவங்க மகனுக்கு நான்தான் தந்தி எழுதிக் குடுத்தேன் மச்சான்” என்றான். “இதே வசனம்.”

“தொலைபேசி எடுத்துக் கேட்டுப் பார்ப்பமோ?”

“யார்கிட்ட? கேட்டா சொல்லவா போறாங்க?”

எங்கள் அறையில் மின் என்று ஒரு வியட்நாமியப் பையன் இருந்தான். அவன் நாட்டில் யுத்தம். அவனுக்கு வீட்டிலிருந்து வரும் செய்திகளுக்கு முன்னுரை, முடிவுரை இருக்காது: இன்னார் இறந்தார், இன்ன ஊர் இல்லை. தந்தியை நான் அவனுக்கு ரஷ்ய மொழியில் சொன்னேன்.

“இதில் இறந்தார் என்று இல்லையே” என்றான்.

“எங்கள் நாட்டில் அப்படி எழுத மாட்டார்கள்.”

 அவன் போய் யூஜினுக்குத் தேநீர் ஊற்றிக் கொடுத்தான்.

பாண் துண்டு மூடிய கிளாஸ்

அடுத்த நாள் ஒரு பார்சல் வந்தது. துணியால் மூடித் தைத்து, அரக்கு வைத்து. உள்ளே, நத்தாருக்கு வந்து சேர்ந்திருக்க வேண்டிய கேக். சிவப்புக் கண்ணாடித் தாளில் பொதிந்து, பிலோமினா அன்ரியின் கையால் நூல் சுற்றி.

யூஜின் நூலை அறுக்காமல் அவிழ்த்தான். விரலில் சுற்றி வைத்துக்கொண்டான்.

செய்தி விடுதி முழுக்கப் பரவியிருந்தது. மாலையில் மாடியில் இருந்த உக்ரேனியப் பையன்கள் வொட்காவோடு வந்தார்கள். அவர்கள் வழக்கப்படி ஒரு கிளாஸில் வொட்கா நிரப்பி, அதன்மேல் பேக்கரியில் வாங்கிய ஒரு கறுப்புப் பாண் துண்டை வைத்து, ஜன்னலோரம் வைத்தார்கள். அது இறந்தவருக்கு. யாரும் தொடக்கூடாது. நாங்கள் குடிக்கும்போது கிளாஸ்களை இடிக்கவும் கூடாது.

யூஜின் கேக்கை வெட்டி எல்லோருக்கும் கொடுத்தான். தன் செத்த வீட்டுக்குத் தானே பலகாரம் அனுப்பிய ஒரே மனுசி அவராகத்தான் இருக்க வேண்டும். முந்திரிப்பருப்பும் சீனிப்பாகில் ஊறிய பூசினிதோசியும் வாயில் பட்டதும் ஒரு பெரிய உருவமுள்ள உக்ரேனியன் முகத்தைப் பொத்திக்கொண்டு அழுதான். அவனுக்கும் தாய் இல்லை.

கறுப்பு இல்லை, பழுப்பு இருக்கிறது

கொட்டாஞ்சேனையில் அடக்கத்துக்கு வெள்ளைச் சட்டை, கறுப்பு டை. எங்கள் நகரத்துக் கடையில் டை இருந்தது. எல்லாம் பழுப்பு. அந்த வருடத்துக்கு எனத் திட்டமிட்ட நிறம் அதுவாக இருக்கலாம். கறுப்பு எப்போது வரும் என்று கேட்டேன். விற்பனைப் பெண் என்னை, வசந்தம் எப்போது வரும் என்று கேட்டவனைப் போலப் பார்த்தாள்.

இரண்டு பழுப்பு டை வாங்கி வந்து, கறுப்புச் சப்பாத்துப் பாலிஷைப் பூசி, பிரஷால் தேய்த்தோம். என் யோசனைதான். பொறியியல் மாணவன் அல்லவா. உறைபனியில் அது அருமையாகக் காய்ந்து மினுங்கியது. கொழும்பின் வெப்பநிலை என் கணக்கில் வரவில்லை. நான் பாலம் கட்டாமல் விட்டது நல்லது என்று சொன்னேன் அல்லவா.

என்னுடைய விடுமுறைப் பயணம் முன்பே ஏற்பாடாகியிருந்தது. யூஜினுக்கும் அதே விமானத்தில் இடம் வாங்கினோம். மொஸ்கோ, தாஷ்கந்து, கராச்சி, கொழும்பு.

தாஷ்கந்தில் பனிமூட்டம். எங்கள் விமானம் கிளம்பாது என்றார்கள். மரத்துப்போன கால்களோடு மர வாங்கில் கிடந்தோம். அங்கிருந்த அதிகாரி அம்மாவிடம் நான் போய், என் நண்பனின் தாய் இறந்துவிட்டார் என்று சொன்னேன். அவர் எழுந்து வெளியே போனார். திரும்பி வந்து, பனி சற்று விலகியதும் கராச்சிக்கு வேறொரு விமானம் போகும், அதில் ஒரு இடம் உண்டு, ஒன்றே ஒன்று, என்றார்.

“போடா” என்றேன். “ஒரு நாள் முந்திப் போகலாம்.”

யூஜின் தலையசைத்தான். “என்னத்துக்கு மச்சான் அவசரம்? இனி என்ன அவசரம் இருக்கு? தனியா அந்த வீட்டுக்குள்ள போக எனக்கு ஏலாது. சேர்ந்தே போவோம்.”

அந்த ஒற்றை ஆசனத்தில், கயிற்றுப் பின்னலில் முலாம்பழங்களைத் தூக்கிக்கொண்டு வந்த ஒருவர் ஏறிப்போனார். நாங்கள் அடுத்த நாள் கிளம்பினோம்.

கொடி இல்லாத ஒழுங்கை

கட்டுநாயக்காவில் எங்களைக் கூட்டிப்போக ஒருவரும் வந்திருக்கவில்லை. “எல்லாரும் அடக்கத்துக்குப் போயிருப்பாங்க” என்றான் யூஜின்.

டாக்ஸி கொட்டாஞ்சேனை ஒழுங்கைக்குள் திரும்பியது. செத்த வீடென்றால் ஒழுங்கை நெடுக வெள்ளைக் கொடி கட்டியிருக்கும். ஒன்றையும் காணவில்லை.

“கொடியும் கழட்டிட்டாங்க” என்றான். “எல்லாம் முடிஞ்சு மச்சான்.”

அன்று நாங்கள் எதைப் பார்த்தாலும் அது சாவைத்தான் சொன்னது. கொடி இருந்திருந்தால் அதையும் அப்படியே வாசித்திருப்போம்.

வீட்டு வாசலில் ஸ்டெல்லா அக்கா ஒரு வாளியோடு நின்றாள். தம்பியைக் கண்டதும் முகம் மலர்ந்தது. பிறகு கண் டைக்கு இறங்கியது. அவன் டை, என் டை. வாளி விழுந்தது.

“என்னடா இது! கழட்டு!” குரலை அடக்கிக்கொண்டு கத்தினாள். “ரெண்டு பேரும் கழட்டுங்க அதை!”

யூஜின் கழட்டவில்லை. “எப்ப அடக்கம் பண்ணினீங்க?”

“யாரை?”

அப்போது உள்ளேயிருந்து ஒரு குரல் வந்தது. மெலிந்த குரல். ஆனால் ஒரு தையற்காரி நூலைப் பல்லால் கடித்து அறுக்கிற மாதிரி, வெட்டு வெட்டாக.

“ஸ்டெல்லா, யாரது? புள்ள வந்துட்டானா?”

யூஜின் படியில் இருந்துவிட்டான்.  ஈரப் படியில் இரண்டு கையையும் ஊன்றிக்கொண்டு, வாயைத் திறந்து திறந்து மூடினான். தண்ணீருக்கு வெளியே எடுத்துப் போட்ட மீனுக்கு மூச்சு இப்படித்தான் இருக்கும் போலும்.

ஸ்டெல்லா அக்காவுக்கு இப்போதுதான் விளங்கியது. “அடப்பாவி. செத்துட்டாங்கன்னா நினைச்சே?”

“நீ சுகமில்லைன்னுதானே அடிச்சே!”

“சுகமில்லை. அதான் அடிச்சேன்! ஆஸ்பத்திரியில இனி ஒண்டும் செய்ய ஏலாதுன்னு வீட்டுக்கு அனுப்பிட்டாங்க. உன்னைப் பாக்கணும்னு கேட்டாங்க. வேற எப்படி அடிக்கிறது?”

“செத்திருந்தா என்னன்னு அடிச்சிருப்பே?”

 அவள் கீழே உருண்ட வாளியை எடுத்து நிமிர்த்தி வைத்தாள்.

“அம்மாக்கு இது தெரியக்கூடாது” என்றாள் மெதுவாக. “தான் செத்துட்டேன்னு மகன் துக்கம் கட்டிட்டு வந்தான்னு தெரிஞ்சா, மனசு விட்டுரும்.”

டைகளைக் கழற்றி வாளிக்குள் போட்டோம்.

நெஞ்சில் கறுப்பு

ஜன்னலோரக் கட்டிலில் பிலோமினா அன்ரி படுத்திருந்தார். கட்டில் பெரிதாகிவிட்ட மாதிரி இருந்தது. யூஜின் முழந்தாளிட்டான். அவர் அவன் தலையைப் பிடித்து முகர்ந்தார்.

“குளிர்ல முடி எல்லாம் கொட்டிட்டே” என்றார். பிறகு, “கேக் வந்திச்சா மகன்?”

“வந்திச்சும்மா.”

“யார் யாருக்குக் குடுத்தே?”

“எல்லாருக்கும்.”

“நல்லாருந்திச்சாமா?”

“ஒருத்தன் அழுதே போட்டான்மா.”

அவருக்குச் சந்தோஷம். கண்ணை மூடிக்கொண்டு சிரித்தார். திறந்தபோது பார்வை அவன் சட்டையில் நின்றது. டையைக் கழற்றியிருந்தோம்; பாலிஷைக் கழற்ற முடியவில்லை. கழுத்திலிருந்து வயிறு வரை, டை அகலத்துக்கு ஒரு கறுப்புக் கோடு. அவர் கண் என் நெஞ்சுக்கு வந்தது. அங்கேயும் ஒன்று.

வாழ்நாள் முழுக்கத் துணியோடு இருந்தவர்.

“டை கட்டின இடம்” என்றார். “கறுப்பு டை. யாருக்குடா சாவு?”

யூஜினுக்குப் பொய் வராது. நாலு வருடம் ஒரே அறையில் இருந்தவன் நான், எனக்குத் தெரியும். எனக்கு வரும். அந்தத் தகுதியில்தான் இன்றைக்கு எழுதிப் பிழைக்கிறேன்.

“என்ரை பெரியப்பா, அன்ரி” என்றேன். “அவர் செத்திட்டார். எனக்காக இவனும் கட்டினவன்.”

“அடக் கடவுளே! என்னா வருத்தம்?”

“நெஞ்சு நோவு.”

“உனக்கு எப்படிச் சொன்னாங்க மகன்?”

“தந்தி அடிச்சவை. சுகமில்லை, வா எண்டு.”

அவர் பெருமூச்சு விட்டார். “அப்படித்தானே அடிப்பாங்க நம்ம ஆளுங்க. அதுலயே நாம புரிஞ்சுக்கணும்.”

 வெளியே தண்ணீர்க் குழாய் சொட்டிக்கொண்டிருந்தது. அவர் தன் மகனைப் பார்த்தார். நிதானமாக, ஊசிக்கண்ணில் நூல் கோக்கிறவரைப் போல.

“உனக்கும் அக்கா அப்படித்தானே அடிச்சா?”

“ஆமாம்மா.”

“நீ என்னான்னு நினைச்சே?”

யூஜின் என்னைப் பார்க்கவில்லை. ஸ்டெல்லா அக்காவையும் பார்க்கவில்லை.

“சுகமில்லைன்னு நினைச்சேன்மா” என்றான்.

அவர் அவன் நெஞ்சில் இருந்த கறையை உள்ளங்கையால் ஒரு தரம் தடவினார். “சரி” என்றார்.

பிறகு என் பக்கம் திரும்பினார். “பெரியப்பா பேரென்ன மகன்?”

“கனகசபை.”

“ஸ்டெல்லா, யூஜின், வாங்க. கனகசபை அண்ணனுக்கு ஒரு செபம் சொல்லுவோம். இந்துவா இருந்தா என்ன.” செபம் தொடங்கியது. நடுவிலேயே அவர் கண்ணீர் காதுப்பக்கமாக வடிந்து தலையணையை நனைத்தது. முன்பின் பார்த்திராத ஒரு மனுசனுக்காக ஒருவர் அப்படி அழுவதை நான் கண்டதில்லை. துடைக்க வந்த ஸ்டெல்லாவின் கையையும் தள்ளிவிட்டார்.

முடிந்ததும் என்னைத் துரத்தினார். “நீ ஏன் இன்னும் இங்க நிக்கிறே? செத்த வீட்டுக்குப் போ! உங்க ஆளுங்க அன்னைக்கே எரிச்சிருவாங்களே!”

செத்தவர் கதவைத் திறந்தார்

வெள்ளவத்தையில் பஸ்ஸை விட்டு இறங்கிக் கடற்பக்க ஒழுங்கைக்குள் போனேன். எங்கள் வீட்டுக் கதவைத் திறந்தவர் பெரியப்பா.

அவரைப் பற்றிச் சொல்ல வேண்டும். ரயில்வேயில் கணக்கராக இருந்து ஓய்வு பெற்றவர். கலியாணம் கட்டவில்லை, எங்களோடு இருந்தார். திடகாத்திரமான ஆள். ஆனால் சாவுக்கு அப்படி ஒரு பயம். வானொலியில் மரண அறிவித்தல் தொடங்கினால் வீட்டில் ஒருவரும் மூச்சு விடக்கூடாது. கடைசிப் பெயர்வரை கேட்டுவிட்டு, இன்றைக்குத் தன் பெயர் இல்லை என்று நிச்சயப்படுத்திக்கொண்டவர்போல, சாப்பிட வருவார். செத்த வீடுகளுக்குப் போகவே மாட்டார். உறவுக்குள் அது பெரிய மனக்குறை.

பயணம் போய்வந்த பிள்ளையின் சட்டையைப் பார்த்து, “என்னடா தம்பி இது?” என்று கேட்டார். எனக்கு அதற்குமேல் ஒளிக்கத் தெம்பில்லை. எல்லாவற்றையும் சொன்னேன். அவரைக் கொன்றதையும் சொன்னேன்.

அவர் கதிரையில் உட்கார்ந்தார். கடலோர ரயில் ஒன்று சத்தமிட்டுப் போய் முடிந்தது.

“என்ன வருத்தத்திலை செத்தனான்?”

“நெஞ்சு நோ எண்டு சொன்னனான்.”

கையை நெஞ்சில் வைத்துப் பார்த்தார். “அந்த மனுசி நம்பினதோ?”

“நம்பினவ. உங்களுக்காகச் செபம் சொன்னவ. அழுதவ.”

“எனக்கோ?”

“ஓம்.”

“நல்லா அழுததோ?”

“தலைகாணி நனைஞ்சு போச்சு.”

அவர் திட்டுவார் என்று காத்திருந்தேன். அவர் எழுந்துபோய் வானொலியைக் கொஞ்ச நேரம் தடவிக்கொண்டு நின்றார். “அப்ப நான் கொட்டாஞ்சேனைப் பக்கம் இனிப் போகக்கூடாது” என்று மட்டும் சொன்னார். தன் வாழ்நாளில் அவர் கொட்டாஞ்சேனைக்குப் போனதே இல்லை.

அடுத்த கிழமை ஸ்டெல்லா அக்கா சங்கடத்தோடு ஒரு செய்தி சொன்னாள். அம்மா பிடிவாதம் பிடித்து, கனகசபை அண்ணனின் ஆன்மா இளைப்பாறக் கோயிலில் பூசை ஒப்புக்கொடுக்கச் சொல்லிவிட்டார். பாதிரியாரும் பூசையில் பெயரை வாசித்துவிட்டார். நான் அதைப் பெரியப்பாவிடம் சொன்னேன். “பேரைச் சரியா வாசிச்சவரோ?” என்று கேட்டார்.

கதிரை

விடுமுறை நாட்களில் நான் கொட்டாஞ்சேனைக்குப் போகாத நாள் குறைவு. யூஜின் தாயின் கட்டிலை விட்டு அசையவில்லை. அவருக்குக் கஞ்சி பருக்கினான், கால் பிடித்துவிட்டான், பனியைப் பற்றிக் கதை சொன்னான். நான் ரப்பர் செருப்போடு ரயிலை விட்ட கதையை அவர் திரும்பத் திரும்பச் சொல்லச் சொன்னார். ஒவ்வொரு தடவையும் எனக்குக் கொஞ்சம் கூடுதலாக மூளை குறைந்தது.

ஒரு நாள் குழாயடியில் யூஜின் அந்தச் சட்டையைச் சவர்க்காரம் போட்டுத் தேய்த்துக்கொண்டிருந்தான். கறை போகவில்லை.

“அக்கா சொன்னா மச்சான்” என்றான், தலை நிமிராமல். “நாம வர்றதுக்கு முதல் நாள் அம்மா எழும்பி உக்காந்தாங்களாம். நல்ல சாரியை எடுத்துக் கட்டிவிடச் சொல்லி, முன்னால கதிரையில பொழுது சாயிறவரைக்கும் வாசலையே பாத்துட்டு இருந்தாங்களாம். அதுக்குப் பிறகு எழும்பவே ஏலல்ல.”

அவன் சட்டையைத் திருப்பிப் போட்டுத் தேய்த்தான்.

“தாஷ்கந்துல ஒரு சீட் இருந்திச்சு” என்றான்.

தண்ணீர் ஓடிக்கொண்டே இருந்தது. நான் குழாயைப் பூட்டினேன். அதற்குமேல் அவனும் சொல்லவில்லை; இத்தனை வருடத்தில் நானும் அதைப் பற்றி அவனிடம் ஒன்றும் கேட்டதில்லை. இறந்தவருக்கு அவசரமில்லை என்று நாங்கள் இருந்த நேரத்தில், உயிரோடு ஒருவர் நல்ல சாரி கட்டிக்கொண்டு காத்திருந்தார்.

நான் திரும்பிப் போவதற்குச் சில நாள் இருந்தபோது, ஒரு விடியற்காலையில் பக்கத்து வீட்டுத் தொலைபேசிக்கு எனக்கு அழைப்பு வந்தது. யூஜின்.

“மச்சான், அம்மா செத்துட்டாங்க” என்றான்.

சுகமில்லை என்று சொல்லவில்லை. கடுமை, உடனே வா என்று சொல்லவில்லை. நான் கட்டியிருந்த சாரத்தோடு அந்த வீட்டு விறாந்தையில் நின்று, எங்கள் சனத்தில் ஒருவன் அந்தச் செய்தியை அப்படியே சொல்வதை முதல் தடவையாகக் கேட்டேன்.

அடக்கத்தில் ஒருவர்

அன்று பின்னேரம் நான் புறப்பட ஆயத்தமானபோது பெரியப்பா வெள்ளை வேட்டி, வெள்ளைச் சட்டையில் வாசலில் நின்றார். தலை வாரி, திருநீறு பூசியிருந்தார்.

“எங்கை போறியள்?”

“நீ போற இடத்துக்கு.”

“செத்த வீடு, பெரியப்பா.”

“தெரியும்.” குடையை எடுத்தார். “இனிப் போகலாம்தானே. நான் உயிரோடை நிக்கிறதைக் கண்டு அந்த மனுசிக்குக் குழப்பம் வராது.”

பஸ்ஸில் அவர் முன் இருக்கையின் கம்பியை இறுகப் பிடித்துக்கொண்டிருந்தார்.

இந்தத் தடவை ஒழுங்கையில் கொடி கட்டியிருந்தது. வீடு நிறையச் சனம். பெட்டியின் இரு பக்கமும் மெழுகுதிரி. பிலோமினா அன்ரிக்கு நல்ல சாரி கட்டி, கையில் செபமாலை கொடுத்திருந்தார்கள். யூஜின் தலைமாட்டில் நின்றான். கடையில் வாங்கிய நிஜமான கறுப்பு டை.

பெரியப்பா வாசற்படியில் தயங்கினார். முகமெல்லாம் வியர்வை. திரும்பிவிடுவார் என்று நினைத்தேன். அவர் செருப்பைக் கழற்றி வைத்துவிட்டு நேரே பெட்டியடிக்குப் போனார். பார்க்கப் பயந்த ஒன்றைப் பார்ப்பவராகத் தெரியவில்லை. அறிமுகமாக வந்தவரைப் போல, நெஞ்சுக்கு நேரே கைகூப்பி நின்றார்.

யூஜின் நிமிர்ந்தான். நெற்றித் திருநீற்றைப் பார்த்தான். பின்னால் நின்ற என்னைப் பார்த்தான். அவனுக்கு விளங்கிவிட்டது. அதுவரை இறுகிக் கிடந்த முகம் மெல்ல உடைந்தது.

“வாங்க பெரியப்பா” என்றான். “அம்மா உங்களுக்கு ரொம்ப அழுதாங்க.”

“ஓம் தம்பி” என்றார் பெரியப்பா. “அதுக்குத்தான் வந்தனான்.”